தூண்டுகோலை வைத்துக் கதையும் கவிதையும் எழுதுவது எப்படி? புதிதாக எழுத வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எழுத வேண்டும் என்ற ஆசை இருக்கும். நோட்டைத் திறந்தால் எதைப் பற்றி எழுதுவது என்று தெரியாது. பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். இதைத் தாண்டத்தான் தூண்டுகோல் உதவுகிறது. ஒரு வரி, ஒரு படம், ஒரு பொருள், ஒரு நிபந்தனை என்று ஏதாவது ஒன்றைக் கொடுத்து, ‘இதை வைத்து எழுது’ என்பார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் ப்ராம்ப்ட் என்றே சொல்கிறார்கள்.

நான் எழுதத் தொடங்கியபோது இணையத்தில் கிடைத்த பட்டியல்களையெல்லாம் இறக்கி வைத்துக்கொண்டேன். பெரும்பாலும் வெளியூர்ச் சரக்கு. பனி கொட்டும் இரவில் மரவீட்டுக் கதவு தட்டப்படும், கலங்கரை விளக்கத்தில் ஒருவர் தனியாக இருப்பார். எழுதினால் வரிகள் வந்தன, ஆனால் எல்லாம் எங்கோ படித்தவையாக இருந்தன. சொல்லித்தர ஆளும் இல்லை. வேறு வழி பிடிபட நெடுநாள் ஆயிற்று. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல தூண்டுகோலைத் தேடிப் பட்டியல் பட்டியலாக அலையாதீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விவரங்களைக் கிளறிவிடுகிற எதுவும் நல்ல தூண்டுகோல்தான். நூறு தூண்டுகோல்களை ஒவ்வொரு முறை எழுதிப் பார்ப்பதைவிட, ஒரே தூண்டுகோலை நாலு முறை எழுதுவதில்தான் கதை கிடைக்கும்.

1. செலவு எவ்வளவு ஆகும்?

கோடு போட்ட 200 பக்க நோட்டு ஒன்று, ஒழுங்காக எழுதும் பேனா ஒன்று. இரண்டும் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். தூண்டுகோல் அட்டைகள், கட்டணச் செயலிகள், ‘21 நாளில் எழுத்தாளர் ஆகலாம்’ வகுப்புகள் எதுவும் தொடக்கத்தில் தேவையில்லை. ஆறு மாதம் எழுதிய பிறகும் ஒரு பட்டறைக்குப் போகவேண்டும் என்று தோன்றினால், அப்போது போங்கள். கையில் நாலு கதையோடு போகிறவருக்குத்தான் பட்டறையால் பயன்.

வீட்டில் உட்கார இடமில்லை என்றால் அருகிலுள்ள நூலகத்துக்குப் போங்கள். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவருபவர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மதுரைக்காரர்களுக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகம். கிளை நூலகமும் போதும், காலையில் செய்தித்தாள் படிக்க வருபவர்கள் கலைந்த பிறகு அமைதியாகவே இருக்கும்.

2. தூண்டுகோலை வீட்டு பீரோவில் தேடுங்கள்

என் அனுபவத்தில் மிக நன்றாக வேலை செய்பவை வீட்டுக் காகிதங்கள்தான். யாரும் கதை சொல்லவேண்டும் என்று எழுதாதவை, அதனாலேயே உள்ளே கதை இருக்கும்.

கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதற்குக் கீழே யார் யார் பெயர் இருக்கிறது, எந்தச் சித்தப்பா பெயர் இல்லை? யாருடைய பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ என்று வந்திருக்கிறது? அடுத்தது மின் அட்டை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்து எழுதிய எண்களில், ஒரே ஒரு முறை மட்டும் 4 யூனிட் என்று இருந்தால், அந்த இரண்டு மாதம் அந்த வீட்டில் யாரும் இல்லை. எங்கே போனார்கள்? பழைய ரேஷன் அட்டையில் ஒரு பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கும். மீட்காத அடகுச் சீட்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழில் பள்ளியை விட்டு நீங்கிய காரணம் எழுதும் இடம், தெருவில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் போட்டிருக்கும் கல்யாண வீட்டுப் புகைப்படம். இவை எல்லாம் தூண்டுகோல்களே.

எடுத்த காகிதத்திலிருந்து ஒரே ஒரு வரியை நோட்டின் மேலே அப்படியே எழுதுங்கள். விளக்கம் வேண்டாம். எழுத்துப்பிழை இருந்தால் அதையும் திருத்த வேண்டாம்.

கவனம்: இது பயிற்சி நோட்டில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வெளியே அனுப்பும்போது பெயர், ஊர், தொகை மூன்றையும் மாற்றிவிடுங்கள். சொந்தக்காரர்கள் பத்திரிகை படிக்கமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். யாராவது ஒருவர் படித்து எல்லோருக்கும் போனில் அனுப்பிவிடுவார்.

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் கேட்டாலும் தூண்டுகோல் தரும். தருவதெல்லாம் பொதுவாக இருக்கும்: ‘மழை நாளில் ஒரு சந்திப்பு’, ‘பாட்டியின் பெட்டி’. உங்கள் வீட்டு மின் அட்டை அதனிடம் இல்லை.

3. பன்னிரண்டு நிமிடம்

போனில் 12 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். போனைக் கவிழ்த்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். அலாரம் அடிக்கும்வரை நிறுத்தக்கூடாது, எழுதியதை அடிக்கக்கூடாது, மேலே போய்ப் படிக்கக்கூடாது. றகரமா ரகரமா என்று சந்தேகம் வந்தால் ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டு நகருங்கள். அடுத்து என்ன என்று தெரியாமல் நின்றால், அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியும் அடுத்த பொருளை எழுதுங்கள். கொடியில் காயும் துண்டு, வாசலில் கிடக்கும் செருப்பு, எதுவானாலும் சரி.

ஏன் 12? ஐந்து நிமிடம் என்றால் ஏற்கெனவே மனத்தில் தயாராக இருக்கும் சங்கதிகள் இறங்குவதற்குள் நேரம் முடிந்துவிடும். அரை மணி என்றால் வேலைக்குப் போகிறவர்களால் தினமும் முடியாது. எட்டாம் நிமிடத்துக்குப் பிறகு நீங்களே எதிர்பார்க்காத ஒரு விவரம் வரும், அதற்காகத்தான் உட்காருகிறோம். எனக்கு விடிகாலை ஒத்துவருகிறது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எழுதுபவர்களும் உண்டு. எந்த நேரமானாலும் தினமும் அதே நேரமாக இருக்கட்டும்.

மறுநாளும் அதே தூண்டுகோலை எடுங்கள். முந்தைய நாள் எழுதியதைப் பார்க்காமல் முதலிலிருந்து எழுதுங்கள். மூன்றாம் நாளும் அப்படியே. சலிப்பாகத்தான் இருக்கும். அந்தச் சலிப்பில்தான் வழக்கமான வாக்கியங்கள் உதிர்ந்து போகும்.

4. முதலில் தோன்றுவதை விட்டுவிடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். தூண்டுகோலைப் பார்த்ததும் முதலில் என்ன தோன்றுகிறதோ, அதே தூண்டுகோலைப் பார்க்கும் எல்லோருக்கும் அதுவேதான் தோன்றும். போட்டிக்கு வரும் கதைகளில் பெரும்பாலானவை ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஒரு மொய் நோட்டு வரியை எடுத்துச் செய்து காட்டுகிறேன்:

‘கீழத்தெரு பெரியக்கா — பித்தளைக் குடம் 1 — (பிறகு)’

முதலில் தோன்றுவது: பெரியக்கா ஏழை, குடம் வாங்கப் பணமில்லை, மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் கூனிக்குறுகினாள். இதை நோட்டின் ஓரத்தில் எழுதி ஒரு கோடு அடித்துவிடுங்கள்.

இரண்டாவதாக: அந்த ‘பிறகு’ என்ற சொல்லை எழுதியது யார்? மொய் மேசையில் பேனாவோடு உட்காருவது பெரும்பாலும் கையெழுத்து நன்றாக இருக்கும் ஒரு கல்லூரிப் பையன். அவன் ஏன் அந்த வரியை எழுதாமலே விட்டிருக்கக் கூடாது? பெரியக்கா எழுதச் சொன்னாளா, அவனாகவே எழுதினானா? இது முதல் யோசனையைவிட நன்றாக இருக்கிறது. ஆனாலும் அந்த ஒரு நாளோடு முடிந்துவிடுகிறது.

மூன்றாவதாக: மொய் என்பது திருப்பிச் செய்யவேண்டியது. பெரியக்கா வீட்டுக் கல்யாணம் வரும்போது இந்த வீட்டார் இதே நோட்டைப் புரட்டிப் பார்த்தாக வேண்டும். குடம் வந்து சேர்ந்ததா என்று நோட்டில் இல்லை. வந்திருந்தால் திருப்பிச் செய்யாதது அவமானம். வராமலிருந்தால் இவர்கள் கொடுக்கும் குடம் பெரியக்காவுக்குக் குத்திக்காட்டலாக இருக்கும். இங்கே கதை வந்துவிட்டது. தொடக்கம் இப்படி இருக்கலாம்:

‘பெரியக்கா மகளுக்குக் கல்யாணம் என்றதும் அம்மா நோட்டைத் தேடி எடுத்தாள். மூலையில் மஞ்சள் தடவிய முதல் பக்கத்தைத் தாண்டி, பெயர் பெயராக விரலை வைத்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். “குடம் வந்துச்சாடா?” என்றாள். அந்தக் கல்யாணத்தின்போது எனக்கு ஆறு வயது. கேட்டால் சொல்லக்கூடியவர் அப்பா ஒருவர்தான், அவர் போட்டோவில் இருந்தார்.’

ஏழ்மை என்றோ அவமானம் என்றோ இதில் ஒரு சொல்லும் இல்லை, கவனித்தீர்களா? நெருக்கடி தானாக வருகிறது, ஏனென்றால் கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது. எந்தத் தூண்டுகோலிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை எழுதியவர், வைத்தவர், செய்தவர் யார்? இதனால் யாருக்கு யார் கடன்பட்டிருக்கிறார்கள்? எந்த நாளுக்குள் இதற்கு முடிவு தெரிய வேண்டும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் கதை நகராது, வர்ணனையாகவே நின்றுவிடும்.

5. கவிதை என்றால்

கவிதைக்குப் பொருளோடு ஒரு நிபந்தனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் புதியவர்களுக்குச் சொல்லும் நிபந்தனை ஒன்றே ஒன்று: நிலா, கண்ணீர், மௌனம், வலி, ஏக்கம், வறுமை ஆகிய சொற்கள் வரக்கூடாது. முதல் நாள் கையைக் கட்டிப்போட்டது போலத்தான் இருக்கும். அப்புறம் கண் பொருட்களின் பக்கம் திரும்பும்.

அதே மொய் நோட்டு வரிக்கு முதலில் வந்தது இது:

பெயர் இருக்கிறது
ஊர் இருக்கிறது
‘பித்தளைக் குடம் 1’ என்று
அண்ணன் கையெழுத்து இருக்கிறது
வறுமையின் சாட்சியாய்
ஒரு வெற்றுக் காகிதம்

கடைசி இரண்டு வரிகளும் விளக்கவுரை. படிப்பவர் தானே உணரவேண்டியதை நாமே சொல்லிவிடுகிறோம். அதை எடுத்துவிட்டு, அந்த வீட்டில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்தால்:

பெயர் இருக்கிறது
ஊர் இருக்கிறது
‘பித்தளைக் குடம் 1’ என்று
அண்ணன் கையெழுத்து இருக்கிறது
நாங்கள் தண்ணீர் பிடிப்பது
பிளாஸ்டிக்கில்

இது இன்னும் முழுமையான கவிதை இல்லை. ஆனால் இனி இதைத் திருத்த முடியும். முன்னதைத் திருத்த முடியாது.

மரபில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஈற்றடிப் பயிற்சி இருக்கிறது. கடைசி அடியைக் கொடுத்து வெண்பா எழுதச் சொல்வது. நேரிசை வெண்பாவில் முதல் மூன்று அடிகளுக்கு நான்கு சீர், ஈற்றடிக்கு மூன்று சீர், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றில் முடிய வேண்டும். உதாரணத்துக்கு ‘பித்தளை யாகும் பிழை’ என்பதை ஈற்றடியாக வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் முதல் அடியிலிருந்து தொடங்கி, கடைசியில் ஒட்டாமல் திண்டாடுகிறார்கள். கீழிருந்து மேலே வாருங்கள். ஈற்றடிக்கு எதுகையாக மூன்றாம் அடி ‘எத்தனை’, ‘சித்தம்’, ‘முத்தென’ என்று ஏதாவது ஒன்றில் தொடங்கட்டும். அந்த அடி அமைந்துவிட்டால் மேலே உள்ள இரண்டு அடிகளும் தனிச்சொல்லும் (இரண்டாம் அடியின் நான்காம் சீர்) வேறு எதுகையில் சுதந்திரமாக வரலாம். எழுதியதை ‘அவலோகிதம்’ என்ற இலவச யாப்பு மென்பொருளில் போட்டால் தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறை, எங்கே தட்டுகிறது என்று காட்டிவிடும்.

6. தூண்டுகோலை நீக்குங்கள்

எழுதி முடித்து ஒரு வாரம் நோட்டை மூடி வையுங்கள். பிறகு திறந்து முதல் பத்தியை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பத்தில் எட்டுக் கதைகள் அதனால் மேம்படும். காரணம், முதல் பத்தியில் நாம் கதை சொல்வதில்லை, தூண்டுகோலைத்தான் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்போம். படத்தைப் பார்த்து எழுதியிருந்தால், அந்தப் படத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் ‘இது ஏன் வருகிறது?’ என்று கேட்கிறாரோ, அந்த இடம் போகவேண்டும்.

ஒரே விலக்கு: ‘இந்த வரி கதையில் அப்படியே இடம்பெற வேண்டும்’ என்று போட்டி விதியில் இருந்தால் ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள். முற்றுப்புள்ளி மாறியதற்காகக்கூட முதல் சுற்றில் ஒதுக்கிவிடலாம்.

7. கூட்டாக எழுதினால்

நாலைந்து பேர் போதும். ஒருவர் தூண்டுகோல் கொண்டுவர, எல்லோரும் 12 நிமிடம் எழுதி, முன்னுரை சொல்லாமல் வாசிக்க வேண்டும். கேட்பவர்கள் ‘அருமை’ என்று சொல்லக்கூடாது. எந்த வரி நினைவில் நின்றது என்று மட்டும் சொல்ல வேண்டும். எந்த வரியும் நிற்கவில்லை என்றால் அதையும் சொல்லிவிடலாம்.

8. தட்டச்சு

கையெழுத்துப் பிரதியை இப்போது மிகச் சிலரே ஏற்கிறார்கள். போனில் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துக்கொள்ளலாம், இலவசம். விண்டோஸ் கணினியில் தமிழ் 99, ஒலிபெயர்ப்பு விசைப்பலகை இரண்டுமே உள்ளேயே இருக்கின்றன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் வரும். வாய்விட்டுச் சொல்லி எழுத வைக்கும் வசதியும் உண்டு, ஆனால் ஒற்றுப்பிழைகளைப் பிறகு உட்கார்ந்து திருத்த வேண்டியிருக்கும். ‘வாணி’ என்ற இலவசப் பிழைதிருத்தி கொஞ்சம் உதவும்.

பொறி இங்கேதான்: டிடிபி கடையில் கொடுத்து அடித்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தந்துவிடுவார்கள். அந்த எழுத்துரு இருக்கும் கடைக் கணினியில் நன்றாகத் தெரியும், அது இல்லாத பத்திரிகை அலுவலகத்தில் திறந்தால் குப்பையாகத் தெரியும். பணம் கொடுப்பதற்கு முன் யூனிகோடுதானா (எந்தக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறை) என்று கேளுங்கள். சோதிப்பது எளிது. கோப்பிலிருந்து ஒரு வரியை எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள், தமிழாகவே வந்தால் யூனிகோடு. பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம். பிடிஎஃப் கேட்டால் தவிர, வேர்டு கோப்பாகவே அனுப்புங்கள்.

9. அனுப்பும்போது என்னென்ன சேர்க்க வேண்டும்

மின்னஞ்சலின் தலைப்பில் ‘சிறுகதை’ அல்லது ‘கவிதை’ என்றும் படைப்பின் பெயரும். உள்ளே உங்கள் பெயர், புனைபெயர் இருந்தால் அது, பின்கோடுடன் முகவரி, கைப்பேசி எண், சொல் எண்ணிக்கை. அதோடு ஓர் உறுதிமொழி: ‘இது என் சொந்தப் படைப்பு. தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல. அச்சிலோ இணையத்திலோ இதுவரை வெளியானதில்லை. வேறு எந்த இதழின் பரிசீலனையிலும் இல்லை.’ கடைசி இரண்டு வாக்கியங்களும் உண்மையாக இருக்க வேண்டும். முகநூலில் போட்ட கவிதையையும் வெளியானது என்றே பல இதழ்கள் கருதுகின்றன. நாலு லைக்குக்காக நல்ல கவிதையை அங்கே போட்டுவிடாதீர்கள்.

வங்கி விவரத்தை அவர்கள் கேட்கும்போது கொடுத்தால் போதும். கணக்கில் உள்ளபடி பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு, அவ்வளவுதான். போட்டியில் சேரவே ஆதார் நகலோ, போனுக்கு வரும் ஓடிபியோ கேட்டால் விலகிவிடுங்கள். சிற்றிதழ்கள் பல சன்மானம் தரும் நிலையில் இல்லை, இதழ்ப் பிரதி அனுப்புவார்கள். அதை முன்பே தெரிந்துகொண்டு அனுப்பினால் மனக்கசப்பு வராது.

பெரிய பொறி ஒன்று. ‘உங்கள் கவிதை தேர்வாகிவிட்டது, தொகுப்பு நூலில் இடம்பெற பங்கேற்புக் கட்டணம் செலுத்தவும்’ என்று செய்தி வரும். சான்றிதழ், கேடயம், விருதுப் பட்டம் எல்லாம் உண்டு என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் பணம் கட்டிய பிறகு, பத்துப் பிரதி வாங்கினால்தான் விழா மேடையில் பெயர் வாசிப்போம் என்றார்கள். அந்த நூலை அதில் எழுதியவர்களைத் தவிர வேறு யாரும் படித்ததாகத் தெரியவில்லை. படைப்பைத் தேர்ந்தெடுப்பவர் படைத்தவரிடம் பணம் கேட்கிறார் என்றால் அங்கே தேர்வு என்று எதுவும் நடப்பதில்லை.

காலம் முக்கியம். தீபாவளி மலரில் வர விரும்பினால் ஆடி மாதத்திலேயே அனுப்பிவிடுங்கள், ஐப்பசியில் அனுப்பினால் மலர் அச்சுக்குப் போயிருக்கும். பொங்கல் சிறப்பிதழுக்குத் தீபாவளி முடிந்த கையோடு. போட்டிகளுக்குக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு. தபாலில்தான் அனுப்பவேண்டும் என்றால் ஸ்பீடு போஸ்ட் ரசீதை நோட்டிலேயே ஒட்டி வையுங்கள்.

10. உரிமை பற்றிச் சுருக்கமாக

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதிய உடனே உரிமை உங்களுடையது. உங்கள் ஆயுட்காலமும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். பதிவு செய்வது கட்டாயமில்லை. விரும்பினால் பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். இலக்கியப் படைப்பு ஒன்றுக்குக் கட்டணம் 500 ரூபாய். ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருந்த பிறகுதான் பரிசீலிப்பார்கள். ஒரு சிறுகதைக்கு இந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. நீங்களே உங்களுக்குக் கோப்பை மின்னஞ்சல் செய்து வைத்துக்கொண்டால், எந்தத் தேதியில் எழுதினீர்கள் என்பதற்கு ஒரு தடயம் இருக்கும்.

தூண்டுகோலாக வந்த யோசனைக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. அதே யோசனையை வைத்து நூறு பேர் எழுதலாம். ஆனால் தூண்டுகோலாக வந்த புகைப்படத்துக்கும் சினிமாப் பாட்டு வரிக்கும் உரிமையாளர் இருக்கிறார். கவிதையை மட்டும் அனுப்புங்கள், படத்தைச் சேர்க்காதீர்கள். பாட்டு வரியைத் தலைப்புக்குக் கீழே மேற்கோளாகப் போடுவதையும் தவிருங்கள்.

11. அனுப்பிய பிறகு

நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலு கட்டம் போடுங்கள்: படைப்பு, எங்கே, எந்தத் தேதி, என்ன பதில். இதழ் தன் காலக்கெடுவைச் சொல்லியிருந்தால் அதுவரை பொறுங்கள், சொல்லாவிட்டால் மூன்று மாதம். வாரா வாரம் போன் செய்ய வேண்டாம். மூன்று மாதம் கழித்தும் பதில் இல்லை என்றால், ‘இந்தத் தேதியில் அனுப்பிய இந்தப் படைப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், பரிசீலித்தமைக்கு நன்றி’ என்று ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, வேறு இதழுக்கு அனுப்புங்கள். இந்த மின்னஞ்சல் இல்லாமல் இரண்டாவது இதழுக்கு அனுப்பி, இரண்டிலும் ஒரே மாதத்தில் வெளியாகிவிட்டால், இரண்டு ஆசிரியர்களும் அதன்பிறகு உங்கள் கோப்பைத் திறக்கத் தயங்குவார்கள். காத்திருக்கும் மூன்று மாதத்தில் அடுத்த காகிதத்தை பீரோவிலிருந்து எடுங்கள்.